எட்டு மணி காபி ஏன் புளிக்குது?

நீங்க ஹாஸ்டல்ல இருக்கிறவரா இருந்தா இது ஏற்கனவே தெரிஞ்சிருக்கும். காலைல ஆறரை மணிக்கு மெஸ்ஸில் கிடைக்கிற காபியும் எட்டு மணிக்குக் கிடைக்கிற காபியும் ஒண்ணு இல்லை. தூள் அதேதான். பால் அதேதான். ஊத்துறவரும் அதே மாஸ்டர் அண்ணன்தான். ஆனா ஆறரை மணி காபியைக் குடிச்சா கண்ணு திறக்கும். எட்டு மணி காபியைக் குடிச்சா முகம் சுளிக்கும். நாக்கோட ரெண்டு பக்கமும் ஒரு புளிப்பு, முழுங்கின பிறகு தொண்டையில ஒரு கரகரப்பு, வாசனை மட்டும் எங்கேயோ காணாம போயிருக்கும்.

"தண்ணி ஊத்திட்டாங்க மச்சி", "பழைய தூளைத் திரும்பப் போட்டிருக்காங்க" என்று ஆளுக்கொரு தியரி சொல்வோம். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் நம்பினேன். போன செமஸ்டரில் 2000 ரூபாய் கைவிட்டுப் போன பிறகுதான் உண்மையான காரணத்தைத் தேட ஆரம்பிச்சேன்.

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு நாங்க நாலு பேர், ஆளுக்கு 500 போட்டு ஒரு ஃபில்டர் காபி ஸ்டால் வெச்சோம். நல்ல ஐடியாதான். வெளிக் கல்லூரிப் பசங்க நிறைய வருவாங்க, கேன்டீன்ல கூட்டம் தாங்காது. அதிகாலை அஞ்சு மணிக்கே எழுந்து ஒரு நாள் முழுக்கத் தேவையான டிக்காஷனையும் மொத்தமா இறக்கிட்டோம். அது ஆறிடக் கூடாதே என்று எலக்ட்ரிக் ஹாட் பிளேட் மேல பாத்திரத்தோட உட்கார வெச்சோம். பாலையும் காய்ச்சி, இன்னொரு அடுப்புல சிம்மில் வெச்சாச்சு. எட்டு மணிக்கு வந்தவங்க "சூப்பர்" என்றாங்க. ஒன்பதரைக்கு வந்தவங்க எதுவும் சொல்லலை. பதினோரு மணிக்கு டீ பிரேக் விட்டாங்க, கூட்டம் மொத்தமா வந்தது, நான் டிக்காஷன்ல பாலை ஊத்தினேன். டம்ளருக்குள்ள பால் திரிஞ்சு, வெள்ளை வெள்ளையா மிதந்தது. அடுத்த டம்ளரும் அப்படியே. வரிசையில முதல் ஆள் எங்க ஹெச்.ஓ.டி.

சரி, அந்த ஆறு மணி நேரத்தில் பாத்திரத்துக்குள்ள என்ன நடந்தது?

முதல்ல போறது வாசனை. வறுத்த காபியில் 800க்கும் மேற்பட்ட ஆவியாகும் சேர்மங்கள் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அத்தனையும் மூக்குக்கு முக்கியம் இல்லை. சில டஜன் சேர்மங்கள்தான் "இது காபி" என்று நம்ம மூளைக்குச் சொல்றவை. ஆவியாகும் என்ற சொல்லிலேயே பிரச்சினை இருக்கு. சூடு கொடுத்து, மூடியும் போடாம வெச்சா அவை கிளம்பிப் போயிடும். ஸ்டால்ல எங்களுக்கு ஒரே பெருமை, "காரிடார் முழுக்க நம்ம காபி வாசனைடா" என்று. காரிடார்ல இருந்த வாசனை அத்தனையும் டம்ளர்ல இருக்க வேண்டிய வாசனை என்று அப்போ தோணலை.

அப்போ மூடி போட்டா வாசனை தங்கிடுமா? ஓரளவுதான். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. காபிக்கு அந்த வறுத்த மணத்தைக் கொடுக்கிறதில் முக்கியமானது கந்தகம் உள்ள ஒரு சேர்மம், பேரு ஃபர்ஃபுரைல் தயோல். மிக மிகக் குறைந்த அளவு இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சிடும். அதே காபிக்குள்ள மெலனாய்டின் என்று பெரிய பெரிய பழுப்பு நிற மூலக்கூறுகளும் இருக்கு. கொட்டையை வறுக்கும்போது சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து உண்டாகிறவை. தோசை ஓரம் முறுகிச் சிவக்குதே, அதே மயார்ட் வினைதான். ஜெர்மனியில் தாமஸ் ஹாஃப்மன், பீட்டர் ஷீபர்லே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் காட்டினது என்னன்னா, இந்த மெலனாய்டின்கள் அந்த மண மூலக்கூறுகளைப் பிடிச்சுத் தன்னோட வேதிப் பிணைப்பால் கட்டிப் போட்டுடுது. ஒருமுறை கட்டிட்டா அது ஆவியாகாது, மூக்குக்கு வராது. அதாவது காபிக்கு நிறம் தர்ற பொருளே காபியோட வாசனையைத் தின்னுடுது. பாத்திரத்தை எவ்வளவு இறுக்கமா மூடினாலும் உள்ளுக்குள்ளேயே இந்த வேலை நடந்துகிட்டிருக்கும். ஃபிளாஸ்க்ல கொண்டு போன காபியைத் திறந்தா "சூடா இருக்கு, ஆனா என்னமோ குறையுது" என்று தோணுதே, அதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அடுத்தது புளிப்பு. பச்சைக் காபிக் கொட்டையில் குளோரோஜெனிக் அமிலங்கள் என்று ஒரு குடும்பம் நிறைய உண்டு. பேருல குளோரோ இருந்தாலும் குளோரினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, பயப்படாதீங்க. குயினிக் அமிலமும் கஃபேயிக் அமிலம் மாதிரியான ஒண்ணும் கைகோத்து நிற்கிறதுதான் இந்த மூலக்கூறு. கொட்டையை வறுக்கும்போது இதுல ஒரு பங்கு நீரை இழந்து, வளைஞ்சு, தன் வாலைத் தானே பிடிச்சுக்கிட்ட மாதிரி லாக்டோன் என்ற வளைய அமைப்பா மாறுது. லாக்டோனா இருக்கிற வரைக்கும் அதோட அமிலப் பல்லு வெளியே தெரியாது. லேசான ஒரு கசப்பு மட்டும் தரும், காபிக்கு அது வேணும்.

இப்போ இந்தத் தூள்ல வெந்நீர் ஊத்தி டிக்காஷன் இறக்கி, சூடாவே வெச்சிருக்கீங்க. சுற்றிலும் தண்ணி, நல்ல சூடு. வறுக்கும்போது போன தண்ணி மூலக்கூறு மெதுவா திரும்ப வந்து சேருது. வளையம் உடைஞ்சு லாக்டோன் மறுபடி அமிலமாகுது. முதல் வருஷக் கெமிஸ்ட்ரியில் நீராற்பகுப்பு என்று ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். குளோரோஜெனிக் அமிலமும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிரிஞ்சு குயினிக் அமிலத்தை விடுது. குயினிக் அமிலம் நாக்குல ஒரு புளிப்பையும் துவர்ப்பையும் தரும். எட்டு மணி காபியில நம்ம முகத்தைச் சுளிக்க வைக்கிற ஆள் பெரும்பாலும் இவர்தான்.

புதுசா இறக்கின காபியோட பி.எச். சுமார் 5. சூட்டுல வெச்சா நேரம் போகப் போக இது சில தசமங்கள் இறங்குது. சில தசமம்தானேன்னு நினைக்காதீங்க. பி.எச். மடக்கை அளவு. 0.3 இறங்கினா ஹைட்ரஜன் அயனிகளோட செறிவு இரண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு அர்த்தம். (லேப்ல பி.எச். பேப்பரை வெச்சுப் பார்க்கலாம்னு போய் அசடு வழிஞ்சேன். டிக்காஷன் நிறமே பேப்பரைப் பழுப்பாக்கிடுது. மீட்டர் இல்லாம இந்த வேலைக்கு இறங்காதீங்க.)

மூணாவது, நீர் வத்திப் போறது. திறந்த பாத்திரத்தில் தண்ணி ஆவியாகி மிச்சம் கெட்டியாகுது, கசப்பு ஏறுது. இதுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. ரசம் சுண்டினா உப்புக் கரிக்கிறது இல்லையா, அதே கதை.

இத்தனையும் எவ்வளவு வேகமா நடக்கும்? அதைச் சூடுதான் முடிவு பண்ணுது. ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889இல் கொடுத்த சமன்பாடு ஞாபகம் இருக்கும். வெப்பநிலை ஏற ஏற வினை வேகம் நேர்க்கோட்டுல ஏறாது, அடுக்குக்குறியில ஏறும். கணக்குப் போடச் சோம்பலா இருந்தா ஒரு தோராய விதி இருக்கு: ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் இரட்டிப்பு. எல்லா வினைக்கும் அச்சு அசலா இது பொருந்தாது, ஆனா ஒரு அளவு புரிய இது போதும். அறை வெப்பம் 30 டிகிரி செல்சியஸ், ஹாட் பிளேட் மேல டிக்காஷன் 80 டிகிரி என்று வெச்சுக்குவோம். வித்தியாசம் 50 டிகிரி. இரண்டை ஐந்து தடவை பெருக்கினா 32. அதாவது ஹாட் பிளேட் மேல ஒரு மணி நேரம் இருந்த டிக்காஷன், மேசை மேல சும்மா 32 மணி நேரம் கிடந்த டிக்காஷனுக்குச் சமம். எங்க ஸ்டால் டிக்காஷன் பதினோரு மணிக்கு எத்தனை நாள் பழசு என்று நீங்களே பெருக்கிப் பாருங்க. நான் பார்த்தேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடப் பிடிக்கலை.

இதைப் படிச்ச பிறகுதான் எங்க வீட்டுப் பழக்கம் ஒண்ணு உறைச்சது. அம்மா ராத்திரியே ஃபில்டர்ல தூள் போட்டு வெந்நீர் ஊத்தி மூடி வெச்சிடுவாங்க. காலையில் பாலை மட்டும்தான் கொதிக்க வைப்பாங்க. டிக்காஷனை நேரா அடுப்புல வெச்சா வீட்ல சண்டையே வரும். குளிர்காலத்துல ரொம்ப ஆறிப் போச்சுன்னா, வெந்நீர்க் கிண்ணத்துக்குள்ள டிக்காஷன் டம்ளரைக் கொஞ்ச நேரம் நிக்க வைப்பாங்க, அவ்வளவுதான். எட்டு மணி நேரம் கிடந்த டிக்காஷன்தான் அது. ஆனா கிடந்தது மூடின பாத்திரத்துல, அறைச் சூட்டுல.

"ஆறின டிக்காஷன்ல காபி போட்டா காபியும் ஆறிடாதா?" என்று கேட்பீங்க. நாங்க ஹாட் பிளேட் வெச்சதே இந்தப் பயத்துலதான். அதனால கணக்குப் போட்டுப் பார்த்துடலாம். ஒரு டம்ளருக்கு 120 மில்லி பால், 30 மில்லி டிக்காஷன். பால் அடுப்புலேர்ந்து அப்படியே 95 டிகிரியில வருது, டிக்காஷன் 30 டிகிரி. இரண்டோட வெப்ப ஏற்புத்திறனும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் என்று எடுத்துக்குவோம். 120ஐ 95ஆல் பெருக்கினா 11,400. 30ஐ 30ஆல் பெருக்கினா 900. கூட்டினா 12,300, 150ஆல் வகுத்தா 82 டிகிரி. ஃபிரிட்ஜ்லேர்ந்து 5 டிகிரியில எடுத்த டிக்காஷனா இருந்தாக்கூட 77 டிகிரி வருது. டிக்காஷனை 80 டிகிரியில வெச்சிருந்தா 92 வரும். டம்ளர் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கும், அதையும் கழிச்சுக்கோங்க.

இப்போ சொல்லுங்க, 82 டிகிரி காபியை யாராவது அப்படியே வாய்ல ஊத்த முடியுமா? டபராவுல ஊத்தி நாலு ஆத்து ஆத்தித்தானே குடிக்கிறோம்? நாங்க டிக்காஷனை ஆறு மணி நேரம் சூடுபடுத்தி, கெடுத்து, அதனால கிடைச்ச கூடுதல் 10 டிகிரியை வாங்கினவங்க ஆத்தி ஆத்திக் காத்துல விட்டிருக்காங்க. கரண்ட் செலவு வேற.

ரொம்பச் சூடா வெச்சுக் கொடுக்கிறதுல ருசியைத் தாண்டின ஆபத்தும் இருக்கு. 1992இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரத்துல 79 வயசான ஸ்டெல்லா லீபெக் மடியில் மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டி, தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சை வரைக்கும் போனது. அந்தக் காபியை 82 முதல் 88 டிகிரி வரை சூடா வெச்சிருந்தாங்க என்பது வழக்குல முக்கியமான விஷயமா ஆச்சு. வேடிக்கை வழக்கு என்று சிரிச்சவங்க நிறைய பேர், காயத்தோட விவரத்தைப் படிச்சா சிரிப்பு வராது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் 65 டிகிரிக்கு மேல சூடான பானங்களைத் தொடர்ந்து குடிக்கிறது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழி வகுக்கக்கூடும் என்று வகைப்படுத்தியிருக்கு. பிரச்சினை காபி இல்லை, சூடு. அதனால ஆத்திக் குடிக்கிற நம்ம வழக்கத்தை விட்டுடாதீங்க.

பால் ஏன் திரிஞ்சது என்ற கேள்வி பாக்கி இருக்கு. பாலின் பி.எச். சுமார் 6.6. அதுல கேசீன் என்ற புரதம் சின்னச் சின்ன உருண்டைகளா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம மிதக்குது, எல்லாத்துக்கும் மேல எதிர் மின்னூட்டம் இருக்கிறதால. அமிலம் சேரச் சேர அந்த மின்னூட்டம் குறையும். அறை வெப்பத்தில் பி.எச். 4.6 வந்தா மொத்தமா ஒட்டிக்கும், தயிர் உறையறது அப்படித்தான். ஆனா பால் கொதிக்கக் கொதிக்க இருந்தா அவ்வளவு தூரம் இறங்க வேண்டியதே இல்லை, அதுக்கு முன்னாடியே திரிஞ்சிடும். எங்க ஸ்டால்ல இரண்டு பக்கமும் தப்பு. ஒரு பக்கம் ஆறு மணி நேரம் அமிலம் ஏறி, வத்திக் கெட்டியான டிக்காஷன். இன்னொரு பக்கம் அதே ஆறு மணி நேரம் சிம்மில் கிடந்த பால். பாலும் ரொம்ப நேரம் சூட்டுல இருந்தா மெல்ல அமிலத்தன்மை ஏறும். இரண்டும் சந்திச்ச இடத்துல ஹெச்.ஓ.டி. நின்னுட்டிருந்தார், வேற ஒண்ணுமில்லை.

ஃபிளாஸ்க் பத்தியும் கேட்பீங்க. 1892இல் ஜேம்ஸ் டூவர் லண்டன்ல வெற்றிடக் குடுவையைச் செஞ்சது காபிக்காக இல்லை, திரவமாக்கின வாயுக்களைக் குளிர்ச்சியா வெச்சுக்க. பின்னாடிதான் ஜெர்மன்காரங்க அதை வியாபாரப் பொருளாக்கினாங்க. ஹாட் பிளேட்டை விட ஃபிளாஸ்க் நிச்சயம் மேல். மூடி இருக்கு, நீர் வத்தாது, அடியில அனல் படாது. ஆனா சூடு உள்ளேயே இருக்கிறதால அமிலம் உண்டாகிறதும், மெலனாய்டின் மணத்தைப் பிடிக்கிறதும் நிக்காது. ஊருக்குப் போற பஸ்ல முதல் ஒரு மணி நேரத்துல குடிச்சுடுங்க. பால் கலந்த காபியை ஃபிளாஸ்க்ல ஊத்தி ராத்திரி முழுக்க வெதுவெதுன்னு வெச்சுக் காலைல குடிக்கிற ஆட்கள் எங்க விங்லேயே இருக்காங்க. அது ருசிப் பிரச்சினை இல்லைங்க, வயித்துப் பிரச்சினை. 60 டிகிரிக்குக் கீழ இறங்கின பால், பாக்டீரியாவுக்குப் போட்டுக் கொடுத்த ஏசி ரூம் மாதிரி.

ஆறின காபியைத் திரும்பச் சூடு பண்றதுல பயன் இல்லை. போன வாசனை போனதுதான். சூடு மட்டும்தான் திரும்ப வரும், கூடவே இன்னும் கொஞ்சம் புளிப்பும்.

ஒரு நல்ல செய்தி, நாளைக்கு எக்ஸாம் வெச்சிருக்கிறவங்களுக்கு: கஃபைன் எங்கேயும் போகாது. அது லேசுல ஆவியாகாது, இந்தச் சூட்டுல சிதையாது. மூணு மணி நேரம் கிடந்த காபியும் உங்களைத் தூங்க விடாது, ரசிக்கவும் விடாது. தூள் வாங்கும்போது பாக்கெட்டையும் பாருங்க. நம்ம நாட்டு விதிப்படி காபி சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்ல போட்டிருக்கணும். சிக்கரியில கஃபைன் கிடையாது. பாதிக்குப் பாதி சிக்கரி உள்ள தூளை வாங்கிட்டு "தூக்கம் போகலையே" என்று காபியைத் திட்டக் கூடாது.

இனி மெஸ் விஷயம். இதையெல்லாம் எழுதி எடுத்துக்கிட்டு மாஸ்டர் அண்ணன்கிட்ட போனேன். அவர் கணக்கைப் பார்க்கவே இல்லை. "தம்பி, டிக்காஷன் சூட்டுல கிடந்தா கடுத்துப் போகும்னு எனக்குத் தெரியாதா? நாலரைக்கு ஒரே ஈடா இறக்கி வெச்சாத்தான் இட்லிக்கு ஆள் விட முடியும். ரெண்டாவது ஈடு இறக்க யாரு இருக்கா?" என்றார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவர் சொன்னதும் சரிதான், அத்தனை பேருக்கு ரெண்டே ரெண்டு ஆள்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். ரெண்டாவது ஈடு இறக்க வேண்டாம், நாலரைக்கு இறக்கினதுல பாதியை மூடி போட்ட இன்னொரு பாத்திரத்துல ஊத்தி, பாய்லர் பக்கம் வைக்காம சமையல்கட்டுக்கு வெளியே தனியா ஆற விடலாம், ஏழரைக்கு மேல அதை எடுத்துக்கலாம் என்று முடிவாச்சு. அவர் போட்ட ஒரே நிபந்தனை, "பால் கொதிச்சுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா ஆறின காபின்னு நீங்களே வந்து கத்துவீங்க." பாலையும் ரெண்டு தடவையா காய்ச்சறேன் என்றார்.

போன வாரம் மூணு நாள் அப்படிச் செஞ்சு பார்த்தோம். எட்டு மணிக்கு வந்த எங்க ரூம் பசங்ககிட்ட எதுவும் சொல்லாம குடிக்கக் கொடுத்தேன். இரண்டு பேர் "இன்னைக்குத் தூள் மாத்திட்டாங்களாடா?" என்றாங்க. ஒருத்தனுக்கு எந்த வித்தியாசமும் தெரியலை, அவன் நாலு ஸ்பூன் சர்க்கரை போடுறவன். வர்ற திங்கள்லேர்ந்து தினமும் இதே ஏற்பாடு. எட்டு மணிக்கு மேல எழுந்து வர்றவங்க குடிச்சுப் பார்த்துட்டு, நல்லா இருந்தா அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நல்லா இல்லேன்னா என்கிட்ட வாங்க, பி ப்ளாக் இரண்டாவது மாடி.